கேனருக்குக் கிடைத்த இரண்டு கூடுதல் கதவுகள்

கேனர் ஆஸ்பினால் காரில் ஏறுவதை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுமுறை அவளுக்கு உதவி செய்ய ஓடிவரமாட்டார்கள். சக்கர நாற்காலியைக் கதவோரமாகக் கொண்டுவந்து நிறுத்துவாள். ஒரு கை நாற்காலியில், இன்னொரு கை ஸ்டீயரிங்கில். ஒரே உந்தலில் ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடுவாள். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைப்பாள். அப்புறம் நாற்காலியை மடக்கி, தன் இருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, முதுகுக்குப் பின்னால் இருக்கிற காலியிடத்துக்குள் அதை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்துவாள். நான் ஷூ கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் அவள் தெருமுனை திரும்பியிருப்பாள்.

இதில் பாதிப் பெருமை அவளுடைய தோளுக்கு. மீதி, காரின் கதவுக்கு. அது மூன்று கதவுக் கார். மூன்று கதவு என்றால் மனிதர்களுக்கு இரண்டு, சாமான்களுக்குப் பின்னால் ஒன்று. எங்கள் நாட்டில் டிக்கியையும் கதவுக் கணக்கில் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கம். ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்பதும் நாகரிகமில்லை. பக்கத்துக்கு ஒரே கதவு என்பதால் அது நீளமாக இருக்கும். ஐந்து கதவுக் காரில் அதே நீளத்தை இரண்டாக வெட்டி, நடுவில் ஓர் இரும்புத் தூணை நட்டுவிடுகிறார்கள். அந்தத் தூண் நிற்கிற இடமும் கேனரின் நாற்காலி உள்ளே போகிற இடமும் ஒன்று. கதையின் தொழில்நுட்பப் பகுதி இவ்வளவுதான். இது புரிய எனக்குப் பொறியியல் படிப்பு தேவைப்படவில்லை. நான் வில்ஃப், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரன், கோல்ன் ஊரில் கறிக்கடை வைத்திருந்தவன்.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். இரண்டு குழந்தைகளைப் பின்சீட்டில் கட்டிப்போட்டுக் கூட்டிப் போகிறவர்களுக்கு ஐந்து கதவு வரப்பிரசாதம். என் மகளே அதைத்தான் வைத்திருக்கிறாள். எல்லாரும் அதையே வாங்க, கம்பெனிகள் மூன்று கதவுக் கார் செய்வதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன. கம்பெனிக்காரன் விற்கிற சரக்கைத்தான் செய்வான், அவனைத் திட்டிப் பயனில்லை. நான் திட்ட வந்தது வேறு ஆட்களை.

வடமேற்கு நடமாட்டச் சுதந்திர அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. நடக்க முடியாதவர்கள் தங்களுக்கு வரும் உதவித்தொகையில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டால், மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுக் கார் கொடுக்கும். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கையாலேயே இயக்குகிற மாதிரி மாற்றித் தரும். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. அதன் நிர்வாகக் குழுவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் நன்றாக நடப்பவர்கள், வருடத்துக்கு ஒரு முறை மலையேறிப் பணமும் திரட்டுகிறவர்கள். கேனருக்கு இவர்கள்தான் கார் கொடுத்துவந்தார்கள். அவள் ஒவ்வொரு முறையும் மூன்று கதவு கேட்பாள், அவர்களும் கொடுப்பார்கள். கடைசியாகக் கொடுத்தது ஒரு சிவப்பு வண்டி.

அந்த வண்டியில் அவள் நான்கு தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் கார்னெட் என்கிற ஊதுவாத்தியம் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் பித்தளை வாத்தியக் குழு இல்லாத ஊர் கிடையாது. அந்தக் குழுக்களில் ஊதுகிற பாதிப் பேருக்கு முதல் முதலில் உதட்டைக் குவிக்கச் சொல்லிக்கொடுத்தவள் அவள். மாதம் ஒரு முறை என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவாள். என் பார்வை மங்கியதில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. எங்கள் தெருவில் யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் குழப்பம் வரும்.

போன வசந்தத்தில் அறக்கட்டளையின் பத்திரிகை வந்தது. அட்டையில் ஐந்து விரல்களை விரித்துக் காட்டியபடி தலைவர் சர் ரோடெரிக் வான்ஸ்டெட். அறக்கட்டளைக் குடும்பத்தில் இனி யாருக்கும் ஐந்துக்குக் குறைவான கதவு இல்லை, பாகுபாட்டின் யுகம் முடிந்தது என்று உள்ளே எழுதியிருந்தது. கேனர் வேலிக்கு மேலாக அதை என்னிடம் நீட்டினாள். இது தவறுதலாக நடந்திருக்கும், போய்ச் சொன்னால் சரிசெய்துவிடுவார்கள் என்றாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகியவள். ஒரு தடவை விளக்கிச் சொன்னால் யாருக்கும் புரிந்துவிடும் என்று நம்பினாள்.

ப்ரெஸ்டனில் இருந்த அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். வாசலில் நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போட்டிருந்தார்கள். அதன் நட்டநடுவில், எல்லாரையும் வரவேற்கிறோம் என்று எழுதிய ஆளுயரப் பதாகை நின்றது. அதை நகர்த்தலாமா என்று வரவேற்பறைப் பெண்ணிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அதை நகர்த்தும் உரிமை விளம்பரப் பிரிவுக்கு மட்டும்தானாம். விளம்பரப் பிரிவு மாடியில் இருந்தது. அதைத் தேடிக்கொண்டு நான் மாடியேறி இறங்கி வருவதற்குள், கேனர் பதாகையைத் தன் நாற்காலியின் கால்பலகையால் முட்டித் தள்ளிவிட்டு உள்ளே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

டமியன் ஹார்ஸ்ஃபால் என்பவர் எங்களைச் சந்தித்தார். பயண அனுபவத் தலைமை அலுவலர் என்பது பதவி. நல்ல மனிதர், அதுதான் தொல்லையே. மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார், தட்டில் பிஸ்கட் வைத்தார், அவளை முதல் பெயரால் அழைத்தார், அவள் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார். தூண், தோள், நாற்காலி என்று அவள் ஒவ்வொன்றாக விளக்கி முடித்ததும் புன்னகைத்தார்.

“நீங்க மூணு வச்சிருந்தீங்க, கேனர். நாங்க அஞ்சு தர்றோம். இதுல எது குறைஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தோணுது?”

“கதவோட நீளம்.”

“நீளத்துக்கு எங்ககிட்ட இலக்கு கிடையாதுங்க. எண்ணிக்கைக்குத்தான் இருக்கு. போன வருஷம் ஒருத்தருக்குச் சராசரியா நாலே கால் கதவு குடுத்தோம். அடுத்த மார்ச்சுக்குள்ள அஞ்சுன்னு வாக்குக் குடுத்திருக்கோம். உங்க ஒருத்தருக்கு மூணு குடுத்தா, சராசரிய ஈடுகட்ட இன்னொருத்தருக்கு ஏழு குடுக்கணும். அப்படி வண்டி இல்ல.”

கேனர் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். ஐந்து கதவில் தன்னால் ஏற முடியாது என்று மறுபடி சொன்னாள். பின்கதவு வழியாகத் தாராளமாக ஏறலாமே, அதற்காகத்தானே அது இருக்கிறது என்றார் ஹார்ஸ்ஃபால்.

“நான் பின்சீட்டுல உக்காந்தா வண்டிய யாரு ஓட்டுறது?”

அவர் என்னைப் பார்த்தார். பரிவோடு பார்த்தார். “உங்களப் பாத்துக்கறவர் இருக்காரே.”

“இந்தக் கிழவனா? இவருக்கு எதிர்ல வர்ற லாரியே தெரியாது. இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதே நான்தான்.”

ஹார்ஸ்ஃபால் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்தான் வண்டி ஓட்டுகிறவர் என்பது அவருக்குள் நுழையவே இல்லை. நடமாட்டச் சுதந்திரம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிற மனிதர் அவர். அவர் மனத்தில் இருந்த படத்தில் கேனர் எப்போதும் யாரோ ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள். எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மனமார வருந்துவதாகச் சொன்னார். வேறு நாடுகளில் கதவைச் சாத்த ஆள் வைத்திருப்பார்கள். எங்கள் நாட்டில் வருத்தம் தெரிவித்தால் போதும்.

அடுத்து, செவிமடுக்கும் கூட்டம் என்று ஒன்று நடத்தினார்கள். பயனாளிகளின் குரலைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை என்பது அறக்கட்டளையின் கொள்கை. எனவே செய்து முடித்த பிறகாவது கேட்டுவிடுவார்கள். நூலகத்தின் மேல்தளத்தில் கூட்டம். லிப்ட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு நாற்காலிதான் போகும் என்பதால் எல்லாரும் வந்து சேர்வதற்குள் பாதி நேரம் போய்விட்டது. மீதி நேரத்தில் ஒரே கேள்வி. கூடுதல் கதவுகள் கூடுதல் சுதந்திரத்தைத் தரும் என்பதை நீங்கள் ஏற்கிறீர்களா, மிகவும் ஏற்கிறீர்களா? ஏற்காதவர்களுக்கு என்ன வழி என்று கேனர் கேட்டாள். ஏற்காதவர்கள் கையை உயர்த்தலாம் என்றார் ஹார்ஸ்ஃபால். அங்கே வந்திருந்தவர்களில் நான்கைந்து பேரால் கையை உயர்த்த முடியாது. அவர்களையெல்லாம் மிகவும் ஏற்கிறவர்களாக எண்ணிக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் முடியாது முடியாது என்று வாயால் கத்தினார். அவருடைய உணர்ச்சிக்கு நன்றி சொன்னார்கள்.

கேனர் விடவில்லை. வாரம் தவறாமல் போன் செய்தாள். அவளுடைய விடாமுயற்சி மேலிடம்வரை போய், ஊழியர்களுக்கு ஓர் அனுபவ தினம் ஏற்பாடாயிற்று. ஒரு முற்பகல் முழுக்க அவர்கள் எல்லாரும் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டும், ஐந்து கதவுக் காரில் ஏறிப் பார்க்க வேண்டும். கேனரைப் பார்வையாளராக அழைத்திருந்தார்கள். ஹார்ஸ்ஃபால் நாற்காலியில் உட்கார்ந்து காரை நெருங்கினார். இரண்டு சகாக்கள் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார்கள். மூன்றாமவர் நாற்காலியை டிக்கியில் ஏற்றினார். நான்காமவர் போட்டோ எடுத்தார். இறங்கும்போது ஹார்ஸ்ஃபாலின் கண்ணில் உண்மையாகவே நீர். இவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை, நீங்கள் எல்லாரும் எவ்வளவு தைரியசாலிகள் என்று கேனரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பயம் வந்தது.

ஜூன் மாதம் ஒரு லாரி வந்து சிவப்பு வண்டியை ஏற்றிக்கொண்டு, வெள்ளையாக ஒன்றை இறக்கிவிட்டுப் போயிற்று. பக்கத்துக்கு இரண்டு கதவு. கேனர் முன்கதவைத் திறந்து ஏறப் பார்த்தாள். எப்படியோ உடம்பை வளைத்து ஏறிவிட்டாள். தோளைத் தூணில் இடித்துக்கொண்டதில் கை முட்டிவரை கறுத்துப்போனது. ஆனால் நாற்காலி போகவில்லை. முன்னால் இழுத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தாள். நாற்காலி தெருவில் நின்றது, அவள் காருக்குள் இருந்தாள், நடுவில் அந்தத் தூண். கடைசியில் நான் வந்து நாற்காலியை டிக்கியில் போட்டேன். “இனி நீ எங்க போனாலும் அங்கேயும் ஒரு வில்ஃப் வேணும் கண்ணு” என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அப்படியே ஆயிற்று. முதல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தாள். வாகன நிறுத்தத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நாற்காலி டிக்கியில், அவள் முன்சீட்டில். பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹார்ன் அடித்தாள். பிள்ளைகள்தான் சத்தம் கேட்டு வந்தார்கள். மழையில் ஜன்னலைச் சுற்றி நின்றுகொண்டு கார்னெட்டை எடுத்தார்கள். அவளும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடம் நடத்தினாள். பாடம் நன்றாகவே நடந்ததாம். அடுத்த வாரம் தலைமையாசிரியை வருத்தம் தெரிவித்தார். வாகன நிறுத்தத்தில் மாணவர்களைக் கூட்டுவது பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாது, சூழ்நிலை சீரானதும் தொடரலாம் என்றார். இரண்டாவது பள்ளியில் நாற்காலியை எடுத்துத் தர ஒரு காவலாளி இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். மூன்றாவது பள்ளிக்குப் போவதை அவளாகவே நிறுத்திக்கொண்டாள். ஒவ்வொரு வாரமும் தெருவில் போகிறவர்களை நிறுத்தி, கொஞ்சம் என் நாற்காலியை எடுத்துத் தருகிறீர்களா என்று கேட்க அவளால் முடியவில்லை. “பத்தொம்பது வயசுல பைக்குலேர்ந்து விழுந்தேன் வில்ஃப். அதுக்கப்புறம் ஒருத்தர்கிட்டயும் கெஞ்சுனதில்ல. இப்ப ஒரு காரு குடுத்து என்னைக் கெஞ்ச வச்சுட்டானுங்க” என்றாள். அவள் அழுததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முறையிட்டதும் அறக்கட்டளை ஒரு துணைவர் சேவையை ஏற்படுத்தித் தந்தது. நாற்காலியை டிக்கியில் ஏற்றவும் இறக்கவும் சான்றிதழ் பெற்ற ஒருவர் வருவார். செவ்வாய்க்கிழமை முற்பகல் மட்டும். ஏற்றுவது ஒரு பணி, இறக்குவது இன்னொரு பணி என்பதால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு செவ்வாயன்று வந்தவர் ஏற்றுவதற்கு மட்டும் பதிவானவர். கொட்டுகிற மழையையும் பாராமல் வந்து ஏற்றிவிட்டு, கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

இலையுதிர்காலத்தில் ஹார்ஸ்ஃபால் வீட்டுக்கே வந்தார். வண்டி ஓடிய தூரம் முன்பைவிட வெகுவாகக் குறைந்திருப்பதாகக் கணினி காட்டியதாம். நடமாட்டத் தேவை குறைந்த பயனாளிகளை மறுபரிசீலனை செய்வது நடைமுறையாம். வெளியே போவதில் அவளுக்கு ஆர்வம் குறைந்துவிட்டதா என்று மென்மையாகக் கேட்டார். மனச்சோர்வாக இருந்தால் பேசுவதற்கு ஆள் இருக்கிறது என்றார். நான் சமையலறையில் கெட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொதிநீரை என்ன செய்யத் தோன்றியது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

“எனக்கு என் பழைய சிவப்பு வண்டிய குடுத்திடுங்க. அது போதும். புதுசு வேண்டாம்” என்றாள் கேனர்.

அதற்கு அவர் யோசித்து ஒரு வழி சொன்னார். பழைய வண்டி இன்னும் அவர்களுடைய கொட்டகையில்தான் நிற்கும். விதிவிலக்குக் கொடுக்கும் அதிகாரம் சர் ரோடெரிக் ஒருவருக்குத்தான் உண்டு. அவரைப் பார்க்கவும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்து கதவு பெற்றவர்களின் வரிசையில் கேனர் சரியாகப் பத்தாயிரமாவது ஆள். வருடாந்திர விழாவில் அவளுக்கு விருது கொடுக்கப்போகிறார்கள். அங்கே அவள் இரண்டு நிமிடம் பேசலாம். கேனர் பச்சை உடை ஒன்றைத் தேடி எடுத்து, தலைமுடியைச் சீராக்கிக்கொண்டு விழாவுக்குத் தயாரானாள். பேசப்போவதை என்னிடம் பலமுறை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கோபமான வார்த்தைகளை எடுத்துவிட்டு மரியாதையான வார்த்தைகளைப் போட்டாள்.

விழா ஒரு ஓட்டலின் விருந்து மண்டபத்தில். மேடையருகே கேனருக்குக் கொடுத்திருந்த அந்த வெள்ளைக் கார், பூமாலையோடு. பக்கத்துப் பெரிய கண்ணாடிக் கதவுகள் புல்வெளிக்குத் திறந்தன. கடைசியில் காரை வெளியே ஓட்டிப்போய்ப் படமெடுப்பதாகத் திட்டம். சர் ரோடெரிக் எழுந்தார். உயரமான, சிவந்த, கனிவான மனிதர்.

“நான் சின்னப் பையனா இருந்தப்போ எங்க அப்பா மூணு கதவுக் காருதான் வச்சிருந்தாரு. அக்கா முன்சீட்டுல, நான் பின்சீட்டுல. அக்கா இறங்கி, சீட்ட மடக்கி வழிவிட்டாத்தான் நான் இறங்க முடியும். விடவே மாட்டா. ஐஸ்கிரீம் கடை வாசல்ல எல்லாரும் இறங்கிட்டாங்க, நான் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால. அடுத்தவங்க தயவு இல்லாம ஒரு வண்டிலேர்ந்து இறங்க முடியாத அவமானம் எனக்குத் தெரியும். இன்னொரு ஜீவனுக்கு அது வரக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணேன்.”

மண்டபம் கண் கலங்கிக் கைதட்டியது. பத்தாயிரம் பேரின் கதவுகளை ஒரு ஐஸ்கிரீம் தீர்மானித்திருக்கிறது என்பதை அங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கேனர் மட்டும் கண் கலங்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு விருது. நான்கு பேர் சுமந்து வந்து பட்டுத் துணியை விலக்கினார்கள். ஒரு கார்க் கதவு. நீளமான சிவப்புக் கதவு. நட்டநடுவில் இரண்டாக அறுத்து, இடையில் ஒரு வெள்ளித் தூணைப் பொருத்தி, பழைய யுகத்திலிருந்து புதிய யுகத்துக்கு என்று பொறித்திருந்தார்கள். மறுசுழற்சியில் செய்ததாம். கைப்பிடிக்குக் கீழே, கார்னெட் பெட்டி உரசி உரசி வந்த கீறல் அப்படியே இருந்தது. கேனர் அதைத் தடவிப் பார்த்தாள். மீதி வண்டி எங்கே என்று கேட்டாள். ஹார்ஸ்ஃபால் குனிந்து அவள் காதில், நசுக்கியாகிவிட்டது, வருந்துகிறோம், அவளுக்கு ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்றுதான் அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தோம் என்றார்.

இரண்டு நிமிடம் அவளுக்கு. ஒத்திகை பார்த்த மரியாதையெல்லாம் போய்விட்டது. மேசையோரம் இருந்த விருந்து நாற்காலி ஒன்றுக்குத் தாவி உட்கார்ந்தாள். தன் சக்கர நாற்காலியை சர் ரோடெரிக்கின் பக்கம் தள்ளிவிட்டாள்.

“இதுல உக்காருங்க. உக்காந்து, அந்தக் காருல ஓட்டுற சீட்டுல ஏறுங்க. ஏறுனப்புறம் நாற்காலிய நீங்களே உள்ள எடுத்து வச்சுக்கோங்க. ஒருத்தரும் தொடக்கூடாது. செஞ்சு காட்டிட்டீங்கன்னா நான் வாயைத் திறக்கல.”

கூட்டம் ரசித்துச் சிரித்தது. சர் ரோடெரிக் விளையாட்டு உணர்வு உள்ளவர். கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். காருக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார். கதவைத் திறந்தார். உந்திப் பார்த்தார், தோள் தூணில் இடித்தது. மறுபடி பார்த்தார். மண்டபம் அமைதியானது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் அவர் எழுந்து நின்றார். முட்டிக்கொண்ட எந்த மனிதனும் செய்கிற மாதிரி, யோசிக்காமல் எழுந்து நின்று தோளைத் தேய்த்துக்கொண்டார். நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். டிக்கியில் வைத்தார். நடந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டு கட்டை விரலை உயர்த்தினார்.

மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, இதில் ஒரு தப்பு இருக்கிறதே என்று பக்கத்திலிருப்பவரைப் பார்க்கவில்லை. வாத்தியக் குழு வாசிக்க ஆரம்பித்தது. கார் மெல்ல உருண்டு புல்வெளிக்குப் போனது. டீக் கோப்பைகளோடு எல்லாரும் பின்னாலேயே போனார்கள். மண்டபத்தில் கேனரும் நானும் மிச்சம். அவள் விருந்து நாற்காலியில். அவளுடைய நாற்காலி, டிக்கியில் போய்க்கொண்டிருந்தது.

நான் போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். உட்காரச் சொன்னாள். பச்சை உடையைச் சுருட்டிக்கொண்டு தரையில் இறங்கினாள். கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, மண்டபத்தைக் கடந்தாள். விழுந்துகிடந்த கேக் துண்டுகளையும் கைக்குட்டைகளையும் தாண்டிப் போனாள். வாசல்படியில் கொஞ்சம் நின்றாள். பிறகு ஈரப் புல்லில். கால்களுக்கு நடுவே அவள் வந்தபோது கோட்டும் பட்டும் போட்டவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டு, மன்னிக்கணும், மன்னிக்கணும் என்றார்கள். வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதிய பையன் அவளைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். அவள் மாணவனாக இருக்க வேண்டும்.

சர் ரோடெரிக் குனிந்தார். அதிர்ந்துபோயிருந்தார், அது நிஜம். “ஐயோ, கேனர். இப்படிச் செய்யணுமா? யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா உதவியிருப்பாங்களே.”

“கேட்டுட்டுத்தான் இருக்கேன்” என்றாள் கேனர்.

நாற்காலி வந்தது. அவளாகவே ஏறினாள், புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டாள். உங்கள் சாவி என்று அவர் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“வச்சுக்கோங்க. அந்தக் காருல தனியா ஏறத் தெரிஞ்ச ஆளு எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்.”

அடுத்த இதழில் சர் ரோடெரிக் ஏறிய படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. கதவு எண்ணிக்கைக்கும் தன்னம்பிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரையும் இருந்தது. பயனாளிகள் முடிந்தவரை எழுந்து நின்று முயன்று பார்ப்பது நல்லது என்று ஆலோசனை சொல்லியிருந்தார்கள். கேனரை, திருப்தியோடு தாமாகவே விலகிக்கொண்டவர்கள் என்ற கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

நான்கு பள்ளிகளில் இப்போது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், எங்கள் தெருவுக்கு மேலே மேட்டின் உச்சியில் இருப்பது. வாரம் ஒரு நாள் கார்னெட்டை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டியே ஏறுகிறாள். தள்ளிவிட நான் கை வைத்தால் திட்டுகிறாள், அதனால் பின்னால் சும்மா நடக்கிறேன். பாதி மேட்டில் மூச்சு வாங்க நிற்கும்போது சில நாள் அறக்கட்டளையின் வெள்ளை வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும். உள்ளேயிருந்து யாராவது அன்பாகக் கையசைப்பார்கள். கேனர் திரும்பக் கையசைப்பதில்லை. கையை எடுத்தால் நாற்காலி கீழே உருண்டுவிடும்.